தலைவருக்கு அப்பால்: மலையகத்தின் அரசியல் கசப்பும் கூட்டுறவு என்னும் எதிர்பார்ப்பும்

1. எட்டு வாரத்துக்குள் மாறிய புள்ளடி

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டம் சஜித் பிரேமதாசவை முதலிடத்தில் நிறுத்தியது. தமிழ் முற்போக்குக் கூட்டணி அவருக்காகவும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவுக்காகவும் தோட்டம் தோட்டமாக வாக்குக் கேட்டிருந்தன. எட்டு வாரம் முழுதாகக் கழியவில்லை. நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தேசிய மக்கள் சக்திக்குப் போயின. நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் வென்றார்கள். வாக்குப் பெற்றுப் பாராளுமன்றம் புகுந்த முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் இவர்களே.

தேசிய மக்கள் சக்தி என்னும் கூட்டணியின் முதுகெலும்பு மக்கள் விடுதலை முன்னணி. அது தன் தொடக்க காலத்தில் இளைஞர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. தோட்டத் தொழிலாளியை அந்த விஸ்தரிப்பின் கருவியாகக் காட்டியது. அப்படிப்பட்ட மரபிலிருந்து வந்த கட்சியின் திசைகாட்டிச் சின்னத்துக்குக் கொழுந்து பறிக்கும் கைகள் புள்ளடியிட்டன என்றால், பழைய தலைமைகள் மீதான கசப்பு எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. 2023 ஒக்டோபரில் அந்தக் கூட்டணி வெளியிட்ட ஹட்டன் பிரகடனம் இதற்கு வழி திறந்தது என்பதும் உண்மை. ஆனால் பிரகடனங்கள் மலையகத்துக்குப் புதியவை அல்ல.

இக்கட்டுரையின் கேள்வி அதற்கு அடுத்தது. இந்தக் கசப்பு ஆட்களின் மீதா, அந்த ஆட்கள் வகித்த பதவியின் மீதா? ஆட்களின் மீது என்றால் அடுத்த தேர்தலில் வேறு ஆட்கள் வருவார்கள், பத்தாண்டில் அவர்களும் கசப்பார்கள். பதவியின் மீது என்றால், அது செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்று கேட்டாக வேண்டும். மலையகம் 200 நினைவுகூரல் நடந்த 2023 முதல் இளைஞர் வட்டங்களில் இதற்கு ஒரு விடை அடிக்கடி அடிபடுகிறது: காணியைத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கூட்டுறவு முறையில் தோட்டத்தை நடத்துவது. இந்த விடையை நான் மதிக்கிறேன், எளிதில் நம்பவில்லை. தலைவர் என்னும் பதவியைத் தோற்றுவித்தது தோட்ட அமைப்பு. காணி, கொழுந்து விலை, கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றும் கைமாறாமல் கூட்டுறவு வருமானால், தலைவர் இருந்த நாற்காலியில் செயலாளர் ஒருவர் வந்து உட்காருவார். அவ்வளவுதான் நடக்கும்.

2. ஏமாற்றங்களின் வரிசை

ஏமாற்றம் நேற்றுத் தொடங்கியதல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் ஏ.ஈ. குணசிங்கவோடு கொழும்பில் தொழிற்சங்கப் பணி செய்தவர். குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபின் பிரிந்துவந்து, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கம் அமைத்தார். சாரல்நாடனின் நடேசய்யர் வரலாறு இந்த முறிவை விரிவாகச் சொல்கிறது. மலையகத் தொழிற்சங்கமே ஒரு தேசியத் தலைவர் கைவிட்டதன் பிள்ளை என்றால் மிகையில்லை.

1939 ஜூலையில் நேரு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1947இல் அதன் வேட்பாளர்களாக நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் தெரிவானார்கள். சுதந்திரம் வந்த கையோடு 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டின் 48ஆம் இலக்கத் திருத்தம் வாக்குரிமையையும் எடுத்துக்கொண்டது. டி.எஸ். சேனநாயக்கவின் அரசில் சேர்ந்த ஜி.ஜி. பொன்னம்பலம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமூலத்தை ஆதரித்தார், எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்தார். யாழ்ப்பாணத் தலைமை மீதான மலையகச் சந்தேகத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒப்பந்தத்தில் சற்று நிற்க வேண்டும். நாடற்றவர்கள் 975,000 பேர். அதில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 1974இல் அந்த எஞ்சியவர்களை இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதிபாதியாகப் பிரித்தார்கள். இந்த எண்களை முடிவு செய்யுமுன் இவ்வளவு பேரில் ஒருவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. கொழும்பின் தலைவர் கைவிட்டார் என்று சொல்வதோடு டில்லியின் தலைவரும் கைவிட்டார் என்று சொல்ல வேண்டிய இடம் இது. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் நரேந்திர மோடியைக் கேட்கத் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள் இந்த நினைவு அழிந்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் எத்தனை குடும்பங்கள் 1964க்குப் பின் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்தவை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த வரலாற்றை இருவிதமாகப் படிக்கிறார்கள். இடதுசாரிகள் இதைக் காட்டிக்கொடுப்பின் கதையாகப் படிக்கிறார்கள்: சங்கத் தலைவர்கள் அமைச்சரானார்கள், தொழிலாளி லயத்திலேயே இருந்தான். தொண்டமானை ஆதரிப்போர் படிப்பது வேறு: வாக்கில்லாத, நாடில்லாத ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு, எல்லா அரசுகளோடும் பேரம் பேசி, 1986, 1988 சட்டங்கள் வழியாகப் பிரஜாவுரிமையை வாங்கியவர் அவர். குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் 2015இல் வெளியிட்ட பெருந்தோட்ட வரலாறு வர்க்கம், இனம், ஆணாதிக்கம் மூன்றையும் பின்னிப் பார்ப்பதால் இந்த இரண்டுக்கும் நடுவே செல்ல இடம் தருகிறது. பேரம் பலித்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. 1984 வேலைநிறுத்தத்தில் பெண்களுக்குக் கிடைத்த சமச் சம்பளம் சின்ன வெற்றியும் அல்ல. ஆனால் பேரம் பலித்த ஒவ்வொரு தடவையும் பேரம் பேசுபவரின் இடம் இன்னும் இறுகியது. பிரஜாவுரிமை வந்த பிறகு தரகர் தேவைப்பட்டிருக்கக் கூடாது. தேவைப்பட்டார். ஏன்?

3. தலைவர் செய்யும் வேலை

1952 முதல் 1977 வரை மலையகத் தொழிலாளர் தம் வாக்கால் ஒருவரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியவில்லை. தொண்டமான் 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகவே உள்ளே போனார், முதல் தடவை ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி அரசில், அடுத்த தடவை ஐக்கிய தேசியக் கட்சி அரசில். வாக்காளர் இல்லாத பிரதிநிதிக்குப் பின்னால் என்ன இருந்தது? சந்தா இருந்தது. எத்தனை தொழிலாளரின் சம்பளத்திலிருந்து மாதச் சந்தா பிடிக்கப்படுகிறது என்பதே ஒரு சங்கத்தின் பலத்தைக் காட்டும் கணக்கு. வாக்குச்சீட்டு இல்லாத காலத்தில் அந்த வேலையைச் சம்பளச் சீட்டு செய்தது. அந்தச் சீட்டை எழுதுவதோ தோட்ட அலுவலகம்.

ஒரு பெண் தொழிலாளியின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்ப்போம். மேலே அந்த மாதத்தின் ‘பேர்’ (வேலைநாள்) எண்ணிக்கை. கிலோ குறைந்த நாட்கள் அரைப் பேராக விழுந்திருக்கும். அதற்குக் கீழே கழிவுகள் நீண்டு இறங்கும்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோயில், சலவைக்காரர், முடிதிருத்துபவர், வீட்டுக் கடன், காப்புறுதி. கோயில் திருவிழா முதல் சாவு வரை கூட்டாகச் செய்ய வேண்டிய எதுவும் அவள் கைக்கு வருமுன்பே அலுவலகத்தில் பிடிக்கப்பட்டுவிடுகிறது. கூட்டு வாழ்வுக்கான பணத்தைத் தாங்களே சேர்த்து, எண்ணி, பூட்டி வைக்கும் பழக்கம் தோட்டத்தில் இல்லாமலில்லை. லயத்துப் பெண்கள் பிடிக்கும் சீட்டு அதற்குச் சாட்சி. ஆனால் பெரிய தொகைகளின் சாவி எப்போதும் நிர்வாகத்திடமே இருந்தது. கூட்டுறவு பற்றிப் பேசுபவர்கள் இந்தச் சீட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இனிச் சங்கத்தின் தோட்டத் தலைவர். ஆள் பெரும்பாலும் ஆண். அவருக்குக் கீழே மாதர் சங்கத் தலைவி ஒருவர். துரையிடம் பேச, பிறப்புச் சான்றிதழில் பெயர்ப்பிழை திருத்த, பொலிசுக்குப் போக, பிள்ளைக்குப் பாடசாலை மாற்ற, சிங்களத்தில் வரும் கடிதத்துக்குப் பதில் எழுத எல்லாவற்றுக்கும் அவர்தான். கிராமத்தவருக்கு இந்த வேலைகளைக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச சபையும் செய்து கொடுக்கும். தோட்டத்திலோ 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நெடுங்காலம் குறுக்கே நின்றது. தோட்டம் தனியார் நிர்வாகத்தின் இடம் என்பதால் சபை தன் பணத்தில் அங்கே ஒரு பாதையைக்கூடப் போட முடியாது. வாக்கு உண்டு, வரவுசெலவில் பங்கில்லை. 2018 திருத்தம் இதை நீக்கியது. அதற்குச் சற்று முன்பு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகளும் நுவரெலியா மாவட்டத்தில் வந்தன. சட்டம் மாறியும் தபால் பல லயங்களுக்கு நேராக வருவதில்லை. தோட்ட அலுவலகத்தில் இறங்கி அங்கிருந்து யார் கையிலாவது வருகிறது. முகவரி இல்லாதவருக்குத் தலைவர்தான் முகவரி.

ஆகவே தலைவர் மீதான கசப்பைக் குணநலன் விசாரணையாக்குவது பயன் தராது. நல்லவரும் அந்த நாற்காலியில் தரகராகவே இருக்க முடியும். பெ. சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணி 1989இல் எழுந்தபோது அதில் எதிர்ப்பின் சூடு உண்மையாகவே இருந்தது. சில ஆண்டுகளில் அதுவும் அமைச்சுப் பதவிகளின் கணக்குக்குள் வந்து சேர்ந்தது.

2021 இந்த ஏற்பாட்டில் ஒரு வெடிப்பு. ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2015 முதல் இழுபட்டது. 2018 ஒக்டோபரில் கறுப்பு உடையணிந்த இளைஞர்கள் காலிமுகத்திடலை நிறைத்தார்கள், எந்தச் சங்கத்தின் கொடியும் இல்லாமல். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் ஆயிரம் ரூபா வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பல தோட்டங்களில் சந்தா பிடிப்பதும் நின்றது. அன்றிலிருந்து சம்பளத்தை நாட்டுத் தலைவர்களே அறிவிக்கிறார்கள். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா என்றார்; நீதிமன்றம் வரை போய், கடைசியில் 1,350 ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் கம்பனி தர வேண்டியதை 1,550 ஆக்கி, வருகைக்காக நாளுக்கு 200 ரூபாவைத் திறைசேரியிலிருந்து சேர்த்தது. கைக்கு வரும் காசு கூடுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பேரம் பேசும் மேசையிலிருந்து தொழிலாளி இன்னும் ஒரு படி தள்ளிப் போயிருக்கிறாள். முன்பு சங்கத் தலைவர் வாங்கித் தந்தார், இப்போது ஜனாதிபதி தருகிறார்.

4. கூட்டுறவு முன்பு வந்த கோலங்கள்

இத்தீவின் முதல் கடன் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்று 1906இல் தெல்தெனியாவை அடுத்த தும்பறையில் தொடங்கியது. 1911இல் அதற்குச் சட்டம் வந்தது. தோட்டங்களுக்கு அருகிலேயே, அதே கண்டி மலைகளில், கிராமத்து விவசாயிக்காக உருவான இயக்கம் அது. தோட்டத் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை. அவனுக்குக் கடன் கொடுப்பவர் பெரிய கங்காணி.

கூட்டாக நடத்தும் ஆசையே தோட்டத்தில் எழவில்லை என்று இதற்குப் பொருளில்லை. முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்ட 1940இல், ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்த துரை ஒப்புக்கொண்டார் என்று லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாறுகள் பதிவு செய்கின்றன. கட்சி வரலாறுகளில் வீரம் சற்றுத் தூக்கலாக இருப்பது வழக்கம்தான். அதைக் கழித்துப் பார்த்தாலும், தலைவரை அனுப்பிப் பேசவைப்பதற்குப் பதிலாக நிர்வாகத்துக்குள்ளேயே உட்காரலாம் என்ற எண்ணம் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே மலைகளில் இருந்தது தெரிகிறது. பொலிஸ் அதை நீடிக்க விடவில்லை.

அடுத்து வந்த கூட்டுறவு, தொழிலாளி கேட்டு வந்ததல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தனியார் தோட்டங்களும் கம்பனித் தோட்டங்களும் அரசிடம் வந்தன. பெரும்பகுதி அரச கூட்டுத்தாபனங்களுக்குப் போக, ஒரு பகுதி ‘உசவசம’ என்று சுருக்கி வழங்கிய மலைநாட்டுக் கூட்டுறவுத் தோட்ட அபிவிருத்திச் சபை போன்ற அமைப்புகளின் கையில் விழுந்தது. பெயரளவில் இது முற்போக்கின் உச்சம்: வெள்ளைக்காரன் காணி மக்களிடம், அதுவும் கூட்டுறவாக. நடைமுறையில், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைக் கொத்தியவர்கள் அந்த ‘மக்கள்’ கணக்கில் சேரவில்லை. அவர்கள் நாடற்றவர்கள். கூட்டுறவின் உறுப்பினர் அயற்கிராமத்தவர்கள். வேலை பறிபோனது, லயத்திலிருந்து துரத்தினார்கள். 1973, 74இல் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் பெருகின. பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நடந்தன. 1977 மே 11ஆம் திகதி, நுவரெலியாப் பகுதியில் ஏறக்குறைய 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து டெவன் தோட்டத்தில் திரண்டவர்களில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தார்.

இது பழைய காயத்தைக் கிளறுவதற்காகச் சொன்னதல்ல. கூட்டுறவுக் கனவைப் பற்றி இன்று எழுதுகிறவர்களில் பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் முக்கியமான ஒன்று தவறிப்போகும்: ஒரு கூட்டுறவின் நியாயம் அதன் கொள்கை நூலில் இல்லை, உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறது. லெட்சுமணன் விழுந்தது ஒரு பெருமுதலாளியின் காணியைக் காக்க அல்ல. அரசும் கூட்டுறவும் சேர்ந்து அவரை வெளியே நிறுத்திய காணியில்.

1990களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. ‘ட்ரஸ்ட்’ என்று தோட்டத்தில் வழங்கும் பெருந்தோட்ட மனிதவள நிதியத்தின் வீட்டுக் கடன்கள் அவற்றின் வழியே போயின. தவணை சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். சங்கம் நிர்வாகத்தின் நிழலில் இயங்கும். வீடு கட்டியவர்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. சங்கம் தங்களுடையது என்று சொல்லும் உறுப்பினரைக் காண்பதுதான் அரிது.

5. கைக்காசும் ‘பங்கு’ முறையும்

இப்போது கம்பனிகளே கூட்டுப் பங்கு பற்றிப் பேசுகின்றன. 1992இல் தோட்டங்கள் தனியார் நிர்வாகத்துக்குப் போனபோது இருந்த தொழிலாளரில் இன்று பாதிக்கும் குறைவானவர்களே பதிவில் உள்ளார்கள். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். கொழுந்து பறிக்க ஆளில்லாத மலைகளை ஒரு குடும்பத்துக்கு இத்தனை மரம் என்று பிரித்துக் கொடுத்து, கிலோவுக்குக் காசு தருவது கம்பனியின் புது வழி. ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலையை வாரம் முழுக்க நீட்டினால் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024இன் நாட்சம்பளம் 1,350 ரூபா, கிலோ 18 என்றால் ஒரு கிலோக் கொழுந்துக்குத் தொழிலாளிக்குக் கிடைத்தது 75 ரூபா. அதே 2024இல் சிறுதோட்ட உடைமையாளர் தொழிற்சாலைக்குக் கொடுத்த ஒரு கிலோக் கொழுந்தின் விலை அதைப்போல இரு மடங்கைத் தாண்டியே இருந்தது. ஏலத்தில் தேயிலை விற்ற வருமானத்தில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்ற அரச சூத்திரம் அவருக்குப் பாதுகாப்பு. உரமும் பறிக்கும் கூலியும் அவர் செலவு என்பதைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். கழித்த பிறகும் ஒரு வேறுபாடு மிஞ்சும்: மரம் அவருடையது. ஒரு தொழிற்சாலை ஏமாற்றினால் அடுத்ததற்குக் கொடுப்பார். தோட்டத்துப் பங்குக்காரிக்கு அந்தத் தெரிவு இல்லை. கொழுந்து மடுவத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறார்களோ அதுதான் கணக்கு. நாளெல்லாம் மழையில் நின்று பறித்த கொழுந்தில் இரண்டு மூன்று கிலோ தராசிலேயே காணாமல் போவதைப் பார்க்காத பெண் தோட்டத்தில் இல்லை. பங்குமுறையில் சேமலாப நிதியும் நழுவிப் போகும் ஆபத்தும் உண்டு.

இத்தீவின் தேயிலையில் ஏறக்குறைய 70 வீதத்தைச் சிறுதோட்டங்கள் தருகின்றன என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். பெருந்தோட்டம் இல்லாமல் தேயிலை இல்லை என்ற வாதம் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்தில் எப்போதோ பொய்த்துவிட்டது. தெற்கில் சிங்களக் குடியானவர் செய்வதை மத்திய மலைகளில் தமிழ்த் தொழிலாளி ஏன் செய்யக் கூடாது என்ற கேள்விக்குப் பொருளியல் ரீதியான மறுப்பு எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. அரசியல் மறுப்புகள் உண்டு. அவை வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை.

6. மூணாறும் துர்காபாரியும்

கூட்டுறவு நம்பிக்கையாளர்களுக்கு மிகவும் சங்கடம் தரும் உதாரணம் கேரளத்தின் மூணாறு. 2005இல் டாடா டீ அங்குள்ள தோட்டங்களைவிட்டு விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பனி உருவானது. பங்குகளில் பெரும்பகுதி பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களிடம். உலகம் வியந்த மாதிரி. பத்தாண்டு கழித்து, 2015 செப்டெம்பரில், அதே ‘உடைமையாளர்கள்’ சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸை 20 வீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததை எதிர்த்து, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ‘பொம்பளை ஒருமை’ என்ற பெயரில். சங்கத் தலைவர்களைக் கிட்டவே வரவிடவில்லை. நாளுக்கு 232 இந்திய ரூபாச் சம்பளம் வாங்கும் பங்குதாரருக்குப் பங்குப் பத்திரத்தின் பொருள் என்ன என்பதை அந்த ஒன்பது நாள் போராட்டம் எல்லோருக்கும் காட்டியது. 20 வீதம் கிடைத்தது. பங்கு கையில் இருந்தது; கணக்கைக் கேட்கும் அதிகாரம் கையில் இல்லை. நம் தோட்டங்களுக்கு ‘ஊழியர் பங்கு’ என்ற யோசனையோடு வருபவர்கள் இதை முதலில் படிக்கட்டும்.

வேறு வகை உதாரணங்களும் உள்ளன. வங்காளத்தின் ஜல்பாய்குரியில் உடைமையாளர் கைவிட்டுப் போன சோனாலித் தோட்டத்தை 1974இல் தொழிலாளர் கூட்டுறவாக எடுத்து நான்காண்டு நடத்தினார்கள். தோட்டம் நிமிர்ந்ததும் உடைமையாளர் நீதிமன்றம் போய் மீட்டுக்கொண்டார். ஷரித் பௌமிக் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தொழிலாளருக்கு நிர்வாகம் தெரியாது என்ற வாதம் அங்கே தோற்றது. காணி உரிமை இல்லாத கூட்டுறவும் அங்கேயே தோற்றது. திரிபுராவில் துர்காபாரித் தோட்டக் கூட்டுறவு 1978இலிருந்து நிலைத்ததற்குக் காரணம், மாநில அரசு அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தது. நீலகிரியில் இன்ட்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் உறுப்பினர்கள் சொந்தக் காணி வைத்திருக்கும் சிறு விவசாயிகள். அதே நீலகிரியில், 1964 ஒப்பந்தத்தில் போன நம்மவர்களுக்காக 1968இல் தொடங்கிய டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் கூலிகளாகவே இருந்தார்கள். கடல் கடந்தும் மரம் அவர்களுடையது ஆகவில்லை.

7. குத்தகை முடிவதற்கு முன்

பெருந்தோட்டக் கம்பனிகளின் 53 ஆண்டுக் குத்தகை 2045 வாக்கில் முடிகிறது. அதுவரை காணியைத் தொட முடியாது என்று அதிகாரிகள் கைவிரிப்பதும், ஏழு பேர்ச்சஸ் வீட்டுக்காணி கொடுத்தாயிற்றே என்று அரசியல்வாதிகள் ஆறுதல் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. வீட்டுக்காணி வேண்டும்தான். 2014இல் மீரியபெத்தை மண்சரிவும் 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலும், சரியும் மலையின் கீழ் லயத்தில் மாட்டிக்கொண்டவருக்கு ஒதுங்க ஓரிடம்கூடச் சொந்தமில்லை என்பதைச் சவங்களை அடுக்கிக் காட்டின. ஆனால் ஏழு பேர்ச்சஸில் கூரை போடலாம், கொழுந்து விளையாது. கூட்டுறவு என்றால் பயிர்க்காணி வேண்டும், அதுவும் உறுதிப் பத்திரத்தோடு. குடும்பத்துக்கு அரை ஏக்கரா, ஒரு ஏக்கரா என்பது மலைக்கு மலை மாறும்.

பயிர்க்காணி வந்தபின் பறிப்பும் உரமும் தனித்தனிக் குடும்பத்தால் ஆகக்கூடியவை. தொழிற்சாலையோடு விலை பேசுவது, தராசு, லொறி, கணக்கு ஆகியவையே கூட்டாகச் செய்ய வேண்டியவை. முழுத் தோட்டத்தையும் தொழிற்சாலையையும் ஒரே நாளில் கூட்டுறவாக்கும் பெருங்கனவைவிட, 68:32 சூத்திரத்துக்குள் வரும் ஒரு கொழுந்து விற்பனைச் சங்கம் எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. சங்கம் சிறிதாக இருக்கும்வரை தராசின் முள்ளை எல்லோரும் பார்க்கலாம். இதற்கு எதிர்வாதம் வலுவானது: மரங்கள் கிழடு தட்டிவிட்டன, மறுநடுகைக்குப் பணம் யார் கொடுப்பார், பறிக்க இளையவர் எங்கே? விடை ஓரளவுக்கே உண்டு. தெற்கின் சிறுதோட்டக்காரருக்கு அரசு தரும் மறுநடுகை மானியம் இங்கும் நீண்டால் முதல் கேள்வி தீரும். இரண்டாவதற்கு, தன் பெயரில் மரம் இருந்தால் பிள்ளை திரும்பி வருவானா என்பதைப் பரிசோதித்துத்தான் அறியமுடியும். வராமலும் போகலாம்.

பரிசோதனைக்கு 2045 வரை காத்திருக்கவும் வேண்டாம். கண்டி, மாத்தளைப் பக்கத்தில் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நேரடியாக நடத்தும் தோட்டங்களில் கம்பனியும் இல்லை, குத்தகையும் இல்லை. அவற்றில் தொழிலாளரின் சேமலாப நிதி ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. காடேறிய மலைகளும் அங்கே ஏராளம். உடைமையாளர் அரசு, அதுவும் ஹட்டன் பிரகடனத்தில் காணியைப் பற்றி எழுதியவர்களின் அரசு. அந்தத் தோட்டங்களில் ஒன்றையாவது பிரித்துக் கொடுத்து முதல் சங்கத்தைப் பதியும் நாளில், உறுப்பினர் பதிவேட்டில் கொழுந்து பறிப்பவளின் பெயர் ஏறுகிறதா, குடும்பத் தலைவர் என்று அவள் புருஷனின் பெயர் ஏறுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.